கடன் விகிதத்தின் கெழு எதிர்மறையாக வருவது ஏன்?

வணக்கம். கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் 1993–2005 தரவில், தனியார் துறைக் கடனுக்கும் ஜிடிபிக்கும் உள்ள விகிதம் கூடக்கூட வளர்ச்சி குறைவதாக, அதாவது விகிதத்தின் கெழு (விகிதம் மாறும்போது வளர்ச்சி எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்) எதிர்மறையாக, முடிவு வருகிறது என்றும், கணக்கீட்டு மாதிரியில் பிழை இருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த விகிதம் எதை அளக்கிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

செக் குடியரசைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் பெரிய வங்கிகளில் அரசின் பிடி தளரவில்லை. கூப்பன் முறையில் (குடிமக்களுக்குக் கூப்பன் கொடுத்து, அதைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளவிடும் முறை) தனியார்மயமான நிறுவனங்களின் பங்குகளை அந்த வங்கிகள் தொடங்கிய முதலீட்டு நிதிகளே பெருமளவில் வைத்திருந்ததால், கடன் கொடுத்தவரும் வாங்கியவரின் உரிமையாளரும் பல இடங்களில் ஏறக்குறைய ஒருவராகவே இருந்தனர். நொடிந்த நிறுவனத்தின் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தாலும் புள்ளிவிவரத்தில் அது நிதி வளர்ச்சியாகவே பதிவாகும். 1997 மே மாதம் செக் நாணயமான கொருனாவின் நெருக்கடி வந்து பொருளாதாரம் சுருங்கியது. 1999 முதல் 2001க்குள் பெரிய வங்கிகள் வெளிநாட்டு வங்கிகளின் கைக்குப் போய், வாராக்கடன்கள் அரசு முகமைக்கு மாறியபோது கடன் விகிதம் சரிந்தது; வளர்ச்சியோ திரும்பியது. உங்கள் எதிர்மறைக் கெழுவில் கணிசமான பங்கு இப்படி வாராக்கடன்களை வங்கிக் கணக்கிலிருந்து அகற்றியதிலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே வாராக்கடன் விகிதத்தையும், கடன்–வைப்பு வட்டி இடைவெளியையும் மாறிகளாகச் சேருங்கள். 2000க்கு முன், பின் எனப் பிரித்தும் ஓட்டிப் பாருங்கள். ஜி.எம்.எம். முறையைப் (காரணமும் விளைவும் ஒன்றையொன்று பாதிக்கும்போது கெழுவை மதிப்பிட உதவும் புள்ளியியல் முறை) பயன்படுத்தினால், கருவி மாறிகளின் (அந்தச் சிக்கலைத் தவிர்க்க அதில் துணையாகச் சேர்க்கும் மாறிகளின்) எண்ணிக்கை நாடுகளின் எண்ணிக்கையைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.