ஐஸ்லாந்தைக் காரில் சுற்ற ஏழு நாள் போதுமா?

ஐஸ்லாந்தின் வட்டச்சாலைப் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

ஜூன் மாதம் இரண்டு தம்பதிகளாக நான்கு பேர் போகிறோம். விடுமுறை மொத்தம் ஒன்பது நாள். தீவை முழுதாக ஒரு சுற்று வர முடியுமா? எந்த ஊர்களில் தங்குவது?
*வாசகர், கோயம்புத்தூர்*

முடியும், ஆனால் கார் ஓட்டவே ஏழு முழு நாள் கையில் இருக்க வேண்டும். விமானம் இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் அந்த ஏழில் சேர்த்தால் பயணம் ஐந்து நாளாகச் சுருங்கிவிடும். ஐந்து நாளுக்கு முழு வட்டம் வேண்டாம்.

நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை ஏறக்குறைய 1,320 கிலோமீட்டர். பார்க்க வேண்டிய இடங்களில் பாதி கிளைச்சாலைகளில் இருப்பதால் கார் மீட்டரில் 1,800 முதல் 2,000 கிலோமீட்டர் வரை ஓடும். தார்ச்சாலையில் உச்ச வேகம் 90, சரளைச்சாலையில் 80, ஊருக்குள் 50. கைப்பேசி வரைபடம் காட்டும் நேரம் எங்கும் நிற்காமல் ஓட்டும் நேரம். வழியில் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து, அதை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து தெற்குக் கரை வழியாகத் தொடங்குங்கள். முதல் நாள் திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கேய்சிர் வெந்நீர் ஊற்றுகள், குல்ஃபோஸ் அருவி பார்த்துவிட்டு செல்ஃபோஸ் அல்லது ஹெட்லா பக்கம் இரவு தங்கலாம். கேய்சிரில் இப்போது அடிக்கடி பீறிடுவது அதன் பக்கத்து ஊற்றான ஸ்ட்ரோக்கூர். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பும். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

இரண்டாம் நாள் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகள், வீக் ஊர். எல்லாரும் வீக்கிலேயே தங்குவதால் அங்கே அறை கிடைப்பதும் கடினம், விலையும் அதிகம். இன்னும் 73 கிலோமீட்டர் தள்ளிப்போய் கிர்க்யுபைர்க்ளாய்ஸ்டுரில் தங்கினால் மூன்றாம் நாள் காலை கூட்டத்துக்கு முன்பே ஸ்காப்டாஃபெல் போய்விடலாம். அன்று ஸ்வார்டிஃபோஸ் அருவி வரை நடை, பிறகு பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி, இரவு ஹோப்ன். இந்த ஒரு நாளில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஏரிக்கு எதிரே, சாலையைக் கடந்தால் வரும் கடற்கரையில் பனிக்கட்டிகள் ஒதுங்கிக் கிடக்கும். அலை இறங்கும் நேரத்தில் அதற்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

நான்காம் நாள் கிழக்கு ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல் பகுதிகள்) வழியாக எகில்ஸ்ஸ்டாதிர், கரையோரமாக 250 கிலோமீட்டருக்கு மேல். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கைப்பேசி உங்களை 939-ஆம் எண் சாலையில், ஓக்சி என்ற கணவாய்க்குள் திருப்பப் பார்க்கும். தூரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அது செங்குத்தான சரளைப் பாதை, மூடுபனி அடிக்கடி இறங்கும். மழை நாளில் சின்னக் காரோடு அதில் ஏற வேண்டாம். கரையோரச் சாலையே போங்கள், அன்றைய அழகும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் டெட்டிஃபோஸ் அருவிக்கு மேற்குப் பக்கச் சாலையான 862-இல் போங்கள், அது தார்ச்சாலை. கிழக்குப் பக்கத்து 864 சரளை, பல்லை ஆட்டிவிடும். இரவு மீவட்ன். ஆறாம் நாள் கோதாஃபோஸ், அகுரேரி, அங்கிருந்து ப்ளோண்டுவோஸ். ஏழாம் நாள் ரெய்க்யாவிக் திரும்ப 245 கிலோமீட்டர்தான். முந்தைய நாட்களில் காற்றாலோ மழையாலோ ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஈடுகட்ட இந்தக் கடைசி இரண்டு நாளை இலேசாக வைத்திருக்கிறோம். இந்த இடைவெளியை இன்னொரு இடத்தைச் சேர்த்து நிரப்பிவிடாதீர்கள்.

வடதுருவ ஒளி பார்க்க ஆசை. டிசம்பர் விடுமுறையில் குழந்தைகளோடு இதே வட்டத்தைச் சுற்றலாமா?
*வாசகி, மதுரை*

வேண்டாம். டிசம்பரில் வெளிச்சமே நாலைந்து மணி நேரம்தான். வடக்கிலும் கிழக்கிலும் பனிப்புயலால் சாலையை மூடினால் ஒரு நாள் முழுக்க ஏதோ ஓர் ஊரில் உட்கார வேண்டியிருக்கும். அடுத்த ஊரில் முன்பதிவு செய்த அறைப் பணமும் போகும். டிசம்பர்தான் முடியும் என்றால் ரெய்க்யாவிக்கில் இரண்டு இரவு, தெற்குக் கரையில் வீக் அல்லது ஸ்காப்டாஃபெல் பக்கம் மூன்று இரவு, அதே வழியில் திரும்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாவிட்டால் அதையும் பேருந்துச் சுற்றுலாவாகப் போவதே நல்லது.

ஒளியும் வேண்டும், வட்டமும் வேண்டும் என்றால் செப்டம்பர் நடுப்பகுதிதான் நமக்குத் தோதான காலம். இரவு நன்றாக இருட்டிவிடும், சாலைகள் பெரும்பாலும் திறந்திருக்கும். ஜூனில் இரவே இருட்டாது, ஒளி தெரிய வாய்ப்பே இல்லை.

குழந்தைகளுக்கு ஒரு விதி: 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு அதற்குரிய தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். காரோடு சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள், அங்கே போய்க் கேட்டால் அளவு கிடைக்காது. மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விமானத்தோடு விட்டுவிடுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் கட்டாயமா? காப்பீட்டில் ஏகப்பட்ட பெயர்கள் சொல்கிறார்கள். எதை எடுப்பது?
*வாசகர், யாழ்ப்பாணம்*

கோடையில் ஒன்றாம் எண் சாலையில் மட்டும் போவதற்குச் சாதாரணக் கார் போதும். உள்நாட்டு மலைப்பகுதிக்குப் போகும், எண்ணுக்கு முன் எஃப் என்ற எழுத்து போட்ட சாலைகளுக்குத்தான் நான்கு சக்கர இயக்கம் கட்டாயம். அவை ஏறக்குறைய ஜூன் கடைசியில் திறந்து செப்டம்பரில் மூடும். அவற்றில் பாலமில்லாத ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் எந்தக் காப்பீடும் பொதுவாகப் பணம் தராது, முழு எஞ்சின் விலையும் உங்கள் தலையில்தான். முதல் பயணத்தில் எஃப் சாலை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் திட்டவட்டமான கருத்து. நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரிய டிக்கி உள்ள காருக்குக் கொடுங்கள்.

காப்பீட்டில் அடிப்படை மோதல் காப்பீடு காரோடு வரும். அதற்கு மேல் சரளைக் காப்பீட்டை அவசியம் எடுங்கள். எதிரே வரும் வண்டியின் சக்கரம் தெறிக்கும் கல்லால் முன்கண்ணாடி கீறுவதுதான் அங்கே அதிகம் நடக்கும் சேதம். மணல், சாம்பல் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. தெற்குக் கரையின் கரும்மணல் வெளிகளில் பலத்த காற்று அடித்தால் மணல் காரின் வண்ணப்பூச்சைச் சுரண்டிவிடும். தெற்கிலும் தென்கிழக்கிலும் நாட்களைக் கழிக்கப்போகிறவர்கள் அதையும் எடுக்கலாம்.

எந்தக் காப்பீட்டிலும் பெரும்பாலும் அடங்காத ஒன்று, காற்றில் பிய்ந்துபோகும் கதவு. பழக்கமில்லாதவர்கள் ஏமாறுவது இதில்தான். முதுகுப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது கதவைத் திறந்தால் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கத் தகட்டில் மடக்கி அறைந்துவிடும், கீலே வளைந்துபோகும். எனவே காரின் மூக்கு காற்றை எதிர்த்திருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். ஒரு கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் இறங்கத் துடிக்கும் குடும்பங்களுக்கு இதைக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

காற்றின் வேகத்தை அங்கே நொடிக்கு எத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். அதை 3.6-ஆல் பெருக்கினால் நமக்குப் புரியும் கணக்கு வரும்: 20 என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். 15-ஐத் தாண்டினால் உயரமான கேம்பர் வேன் எடுப்பது ஆபத்து. 20-ஐத் தாண்டினால் சிறு காரும் கிளம்பாமல் இருப்பது நல்லது.

வேனிலேயே தூங்கிப் பணம் மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு: சாலையோரத்திலும் வாகன நிறுத்தங்களிலும் இரவு தங்கத் தடை உண்டு. முகாம் திடலுக்குத்தான் போக வேண்டும்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லுமா? வலப்பக்கம் ஓட்டுவது கஷ்டமா?
*வாசகர், திருச்சி*

ஆங்கில எழுத்தில் உள்ள உரிமம் செல்லும். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய்க் கட்டணம், ஓராண்டு செல்லும். அது தனியாகச் செல்லாது, அசல் உரிமமும் உடன் இருக்க வேண்டும்.

வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகும். தவறு நடப்பது நெரிசலில் அல்ல, ஆளில்லாத இடத்தில். பெட்ரோல் போட்டு வெளியேறும்போதும், காலையில் முதன்முதலில் கிளம்பும்போதும் கை தானாக இடப்பக்கம் திருப்பும். பக்கத்தில் இருப்பவர் "வலது, வலது" என்று சொல்வதை முதல் இரண்டு நாள் வழக்கமாக்குங்கள். மாருதி, ஹூண்டாய் ஓட்டிய கைக்கு இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடும். கியரும் வலக்கைக்கு வருவதால் ஆட்டோமேடிக் கேட்டு வாங்குவது நல்லது.

ஐஸ்லாந்துக்கே உரிய சில விதிகள் உண்டு. இரட்டைத் தடம் உள்ள ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவருக்கே வெளியேற முன்னுரிமை. வெளிவட்டத்தில் நீங்கள் இருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவழிப் பாலத்துக்கு முன் "எயின்ப்ரெய்த் ப்ரூ" என்ற பலகை வரும். பாலத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் முதலில் போவார். "மால்பிக் எண்டார்" என்றால் தார் முடிகிறது. அந்த இடத்தில் 90-லேயே போனால் கார் வழுக்கி உருண்டுவிடும், பலகையைக் கண்டதுமே 60-க்குக் கீழே இறக்குங்கள். முகப்பு விளக்கு பட்டப்பகலிலும் எரிய வேண்டும். சாலையை விட்டு மண்ணிலோ பாசியிலோ சக்கரம் இறக்குவது குற்றம், பெரிய அபராதம். அந்தப் பாசி மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கோடையில் ஆடுகள் சாலையில் திரியும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் வேகத்தை முழுதாகக் குறையுங்கள். குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும்.

நாங்கள் சைவம். மாமனார், மாமியாரும் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
*வாசகி, சேலம்*

சமையலறை உள்ள தங்குமிடமாகப் பதிவு செய்யுங்கள். பெரியவர்களோடு போகும்போது பாதிக் கவலை அதிலேயே தீரும். அரிசி, பருப்பு, ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம் எடுத்துப் போகலாம். நெய், பனீர், பால்கோவா, நெய்யில் செய்த இனிப்புகள் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவரத் தடை.

காய்கறி, தயிர், ரொட்டிக்கு போனுஸ், க்ரோனன் என்ற மலிவுக் கடைகள். சின்ன ஊர்களில் மாலையிலேயே சாத்திவிடுவார்கள், அதனால் மதியமே வாங்கி வையுங்கள். ஸ்கீர் என்ற கெட்டித் தயிர் நம் வாய்க்குப் பிடிக்கும். அதில் சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேரும், கண்டிப்பான சைவர்கள் உறையைப் படித்து வாங்கவும்.

குழாயில் குளிர்நீரையே குடிக்கவும் சமைக்கவும் எடுங்கள். அது மிக நல்ல தண்ணீர், பாட்டில் வாங்குவது வீண். பல ஊர்களில் வெந்நீர் நிலத்தடி வெப்பத்திலிருந்து வருவதால் கந்தக வாடை அடிக்கும், சாம்பாரே கெட்டுப்போகும். கை பொசுங்கும் சூட்டிலும் வரும். மாமனார் குளிக்கும் முன் குளிர்நீரைத் திறந்துவிட்டுப் பிறகு வெந்நீரைக் கலக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வீக் பக்கத்து ரேய்னிஸ்ஃபியாரா கரும்மணல் கரையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவே கூடாது. அமைதியாக இருக்கும்போதே திடீரென ஓர் அலை பல மீட்டர் மேலேறி ஆளை இழுத்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. நுழைவிடத்தில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது சிவப்பாக இருந்தால் மேட்டிலிருந்தே பாருங்கள்.

பெட்ரோல், சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் எப்படிக் கட்டுவது?
*வாசகர், சென்னை*

எல்லாம் அட்டைதான். பெரும்பாலான பெட்ரோல் நிலையங்களில் ஆள் இல்லை, அட்டையைச் செருகி நான்கு இலக்க ரகசிய எண் போட வேண்டும். எண் தெரியாத கடன் அட்டை அங்கே பயன்படாது. "நிரப்பு" என்று தேர்ந்தெடுத்தால் பெரிய தொகை ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துச் சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். ஃபோரெக்ஸ் அட்டையில் இருப்பு குறைவாக இருந்தால் பம்ப் மறுத்துவிடும், எனவே தொகையைச் சொல்லிப் போடுங்கள். 2,000 கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்று வைத்தாலும் 140 லிட்டர் ஆகும். எகில்ஸ்ஸ்டாதிரிலிருந்து மீவட்ன் வரை 165 கிலோமீட்டர் மேட்டு வெளியில் ஊர்களே கிடையாது, கிளம்பும்போது டேங்க்கை நிரப்புங்கள். ரூபாயிலா, ஐஸ்லாந்து நாணயமான க்ரோனாவிலா என்று இயந்திரம் கேட்டால் க்ரோனா என்றே அழுத்துங்கள்.

அகுரேரி அருகே வாத்லாஹெய்தி சுரங்கத்துக்கு மட்டும் சுங்கம் உண்டு. அங்கே சாவடியோ ஆளோ இல்லை, கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். அன்றே இணையத்தில் கட்டிவிடுங்கள். விட்டால் வாடகை நிறுவனம் தன் கூலியையும் சேர்த்து வசூலிக்கும். திங்வெட்லிர், ஸ்காப்டாஃபெல், யோகுல்சார்லோன், செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் போன்ற இடங்களில் வண்டி நிறுத்தவும் இதே கதைதான். இயந்திரத்திலோ செயலியிலோ கார் எண்ணைச் சரியாகப் போடுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் கட்டாத கணக்குதான். கார் சாவி கையில் வந்ததும் எண் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே நான்கு பக்கமும், முன்கண்ணாடியும், சக்கர வளையங்களும் தெரிய ஒரு காணொளி எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இன்னொன்று. விமான நிலையம் இருப்பது ரெய்க்யாவிக்கில் அல்ல, 50 கிலோமீட்டர் தள்ளி கெஃப்லாவிக்கில். பெட்ரோல் நிரப்ப, காரை ஒப்படைக்க, முனையத்துக்குப் பேருந்து பிடிக்க என்று விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே நகரத்தை விட்டுக் கிளம்புங்கள்.