கியோட்டோவில் ஐந்தாவது வருடம்: கேளுங்கள், சொல்கிறேன்

முதுகலை முடித்து, அதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குத் தொடர்கிறேன். ஏப்ரலில் ஜப்பான் கிளம்பும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

அக்கா, இறங்கியதும் முதல் வேலை என்ன? (திருச்சி)

பெரிய விமான நிலையங்களில் ஸைர்யூ கார்டு, அதாவது வசிப்பிட அட்டை, அங்கேயே கைக்கு வந்துவிடும். பகுதிநேர வேலைக்கான அனுமதிப் படிவத்தையும் அப்போதே பூர்த்தி செய்து நீட்டிவிடுங்கள். கல்லூரி நடக்கும்போது வாரம் 28 மணி நேரம்தான், அதைத் தாண்டாதீர்கள். விசா புதுப்பிக்கும்போது வினையாகும். தங்குமிடம் அமைந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். கையோடு அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீடும் போடுவார்கள். அதன் பிறகு டாக்டர் செலவில் 30 சதவீதம்தான் நம் பங்கு. 20 வயது ஆனவர்களுக்கு ஓய்வூதியச் சந்தா கட்டச் சொல்லிக் கடிதம் வரும். ஜப்பானிய மொழியில் இருக்கிறதே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாணவர் சலுகைக்கு விண்ணப்பித்தால் கட்டுவதைத் தள்ளிப்போடலாம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. சிக்கல் வருமா? (மதுரை)

வரும். ஆய்வகத்தில் முதல் வாரம் யாரோ என் அப்பா பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு உறைக்கவே இல்லை. பக்கத்து மேசைக்காரர் தோளைத் தட்டியதும்தான் என்னைத்தான் என்று புரிந்தது. இன்றைக்கும் இந்தக் கட்டடத்தில் நான் அப்பாதான். அவருக்கு அதில் ஒரே பெருமை.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் வங்கியில் சிரிப்பு வராது. நம் பெயரை அவர்கள் கதகனாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், பதிவார்கள். ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் அங்கே ஒரே வரிசைதான், 'செல்வி' 'செருபி' ஆகிவிடுவாள். அது பரவாயில்லை. எந்த எழுத்துக்கூட்டலை எடுத்தாலும் பாஸ்புக்கிலும் பல்கலைக்கழகப் படிவத்திலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். நான் ஓர் இடத்தில் நெடிலைக் காட்டும் சிறு கோட்டை விட்டுவிட்டேன். முதல் மாத உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பிப் போய்விட்டது. மூன்று வாரம் ரொட்டியிலும் முட்டையிலும் ஓட்டினேன். முதல் நாளே ஒரு தாளில் கதகனாப் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கே கேட்டாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள்.

மகள் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் முதுகலைக்கு வருகிறாள். பணம் போதுமா அம்மா? (சேலத்திலிருந்து ஒரு தந்தை)

போதும் ஐயா. நான் சேர்ந்தபோது முதுகலைக்கு மாதம் 1,44,000 யென். பெரும்பாலான தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே 5,35,800 யென், அது அவளுக்குக் கிடையாது. விடுதி கிடைத்தால் கவலையே இல்லை. வெளியே வீடு எடுத்தால்தான் முன்பணம், உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம், போதாததற்கு ரெய்கின். வீடு கொடுத்ததற்கு நன்றியாக வீட்டுக்காரருக்குத் தருவது, திரும்பி வராது. எனக்கு இன்னும் ஜீரணமாகாத வழக்கம் அது. உதவித்தொகை வந்திறங்கிய அன்றே கிடைக்காது, அதனால் முதல் இரண்டு மாதச் செலவைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? (கும்பகோணம்)

வெளியே சாப்பிடுவது கஷ்டம். கறி மீன் கண்ணில் படாது, ஆனால் 'தாஷி' என்ற சாறு எல்லாவற்றிலும் இருக்கும். மிசோ சூப், காய்கறி வேகவைத்த குழம்பு, டோஃபு மேல் ஊற்றும் சாஸ் வரை. பெரும்பாலும் கட்ஸுவோபுஷியில் காய்ச்சுவது, நம் மாசிக் கருவாட்டுக்குச் சித்தப்பா பிள்ளை. "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் அது பொய்யில்லை. "தாஷி?" என்று தனியாகக் கேளுங்கள். பொன்னி அரிசி, துவரம்பருப்பு எல்லாம் இந்தியக் கடைகளில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கு வரும். குக்கர் வாங்குமுன் அடுப்பு காஸா, ஐஎச்சா (நம் ஊர் இண்டக்‌ஷன்) என்று பாருங்கள். ஐஎச்சில் அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது.

பேராசிரியர் கிளம்பும்வரை ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமாமே? (சென்னை)

ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். சிலவற்றில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இருந்தே ஆக வேண்டும் என்று 'கோர் டைம்' உண்டு, சேருமுன் சென்பாயிடம், அதாவது சீனியரிடம், கேட்டுவிடுங்கள். எங்களுடையதில் கிடையாது. ஆனால் சத்தமில்லாமல் நழுவக் கூடாது. "ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாஸ்", முன்னதாகக் கிளம்புகிறேன், மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். "ஒட்ஸுகாரேசாமா" என்று பதில் வரும். நம் ஊர் 'போயிட்டு வரேன்' மாதிரிதான், சொல்லாமல் போனால்தான் குறை.

ஜப்பானிய மொழி கட்டாயமா? (கோவை)

ஆங்கில வழிப் படிப்பென்றால் வகுப்புக்கு வேண்டாம். பல்வலிக்கு வேண்டும்.

குப்பை விதிகள் பயமுறுத்துகின்றன. (நெல்லை)

கியோட்டோவில் எரியும் குப்பைக்கு மஞ்சள் பை, கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். குறித்த நாளில் காலை 8 மணிக்குள் வையுங்கள். காக்கை கிழிக்காமல் வலையை இழுத்து மூடுங்கள். அவ்வளவுதான்.

அக்கா, நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது? (யாழ்ப்பாணம்)

செல்போன் அலறினால் மேசைக்கு அடியில் போங்கள், மற்றதைப் பல்கலைக்கழகப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்ல மறக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பலமாகக் குலுங்கினால் காஸ் மீட்டர் தானாக அடைத்துக்கொள்ளும். 2018 ஜூன் 18 காலை ஒசாகாவின் வடக்கே அடித்தது கியோட்டோவையும் உலுக்கியபோது, என் சென்பாய் ஒருவர் இது தெரியாமல் இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தாராம். காஸ் வாசனை இல்லையென்றால் அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டரில் உள்ள மீட்பு பொத்தானை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும், மூன்று நிமிடம் கழித்து அணைந்தால் காஸ் வந்துவிட்டது. வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு காஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். மீட்டர் எங்கே இருக்கிறது என்று குடிபோன அன்றே பார்த்து வையுங்கள். என் வீட்டில் அது வெளிவாசலுக்குப் பக்கத்து இரும்புக் கதவுக்குள், துடைப்பத்துக்குப் பின்னால் இருக்கிறது.