வெளிநாடு போன சமூகங்கள் ஊரின் பழைய இசையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கின்றனவா?

பாதி ஆமாம். பீட்டர் மானுவல் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் டிரினிடாட், கயானா என்று மேற்கிந்தியத் தீவுகள் பக்கத்து இந்திய வம்சாவளியினரின் இசையைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர். அவர் எழுதியதைப் படித்த பிறகு இப்படித்தான் இழுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1845 முதல் 1917 வரை டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்து போஜ்புரி மொழி பேசும் ஊர்க்காரர்கள். இவர்களுடைய பாட்டுக்குத் தாளம் போடுவது தண்டால் என்கிற இரும்புக் கம்பி, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். லாடம் போல வளைந்த இரும்பால் அதைத் தட்டுவார்கள், கம்பியைப் பிடித்திருக்கும் கை விரல்களை இறுக்கினால் ஓசை நறுக்கென்று நிற்கும், தளர்த்தினால் நீளும். மாட்டுவண்டி அச்சையும் லாடத்தையும் வைத்துத் தோட்டத்திலேயே கண்டுபிடித்தது என்று அங்கே பலர் சொல்வதுண்டு. ஆனால் போஜ்புரி ஊர்களிலும் அது இருக்கிறது, என்ன, இப்போது அரிதாகிவிட்டது. இதே போலக் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்கள் போன ஃபிஜியிலும் இருக்கிறது. உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே கருவி என்றால் அது ஊரிலிருந்து போனதாகத்தானே இருக்க வேண்டும்?

சரி, தாசா மேளத்துக்கு வருவோம், இங்கே கதை தலைகீழ். ஆட்டுத்தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றி அடிப்பது. ஒரு தாசா தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, 'கட்டர்' என்கிற இன்னொன்று அதன் மேல் ஏறி விளையாடும், கூடவே பெரிய மேளமும் ஜாலராவும். மொகரம் ஊர்வலத்தில் முழங்கும் அதே தாசா அங்கே இந்துக் கல்யாணத்திலும் கட்டாயம் உண்டு. டிரினிடாட்டின் சொந்தப் பாட்டு வகையான கலிப்சோவின் அடி வந்து சேர்ந்தது, தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டு நட்டு போல்ட்டால் முறுக்குவதும் வந்தது. போஜ்புரி ஊர்களில் இன்று கேட்கிற தாசாவைவிட டிரினிடாட் தாசா எவ்வளவோ நுணுக்கமானது என்கிறார் மானுவல். அப்படியானால் எது அசல்? என்னைக் கேட்டால், 'இது எங்கள் இசை' என்று டிரினிடாட்காரர் சொல்வதற்கு ஊரின் சான்றிதழ் தேவையில்லை.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்ப் பேச்சு வீட்டைவிட்டுப் போய்த் தலைமுறைகள் ஆன பிறகும் கயானாவில் 'மதராஸி', அதாவது தென்னிந்திய, வழிக் காளி கோயில்களில் சாமி அழைக்கத் தப்பு அடிக்கிறார்கள், பெயரும் அதே தப்புதான். நம்ம ஊர்ப் பறையடிக்கும் கலைஞர்கள் யாராவது அவர்களோடு உட்கார்ந்து அடிக்கு அடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆய்வாளர்களைவிட அவர்கள் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.