பழைய சாகச வீடியோ கேம்களில் ‘முட்டுச்சந்து’ என்றால் என்ன?

ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் இனி ஜெயிக்கவே முடியாது. அதுதான் முட்டுச்சந்து. 1990-இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’-இல், பசிக்கிறதே என்று கையிலிருக்கும் கஸ்டர்ட் பண்டத்தைத் தின்றுவிட்டால் போச்சு. அப்புறம் வரும் பனிமனிதன் முகத்தில் வீசித் தப்பிக்க எதுவும் இருக்காது. பின்னால் தேவைப்படுமா என்று நிரல் பார்ப்பதில்லை. தின்னச் சொன்னால் தின்னவிடும். இரவில் மாவு அரைத்துவைக்க மறந்துவிட்டுக் காலையில் இட்லித் தட்டை எடுப்பது மாதிரி. முன்பே சேமித்துவைத்த ஆட்டம் (‘சேவ்’) இல்லையென்றால் முதலிலிருந்துதான்.

எரிச்சல்தான். ஆனால் அந்தக் கறாரால்தான் ஒவ்வொரு பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோட்டில் வரைபடம் போட்டு ஆடினோம். இன்றைய கேம்களின் வழிகாட்டும் அம்புக்குறிகளில் எனக்கு அந்தச் சுகம் கிடைப்பதில்லை.

பழைய கேம் எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள்: அதே 1990-இல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ முட்டுச்சந்தைத் தவிர்க்கவே திட்டமிட்டு உருவாக்கப்பட்டது.