நாயோடு கப்பல் ஏறலாமா?

கேள்வி: மும்பையிலிருந்து லட்சத்தீவு போய்வரும் சொகுசுக் கப்பலுக்கு ஏஜென்ட் ஒருவரிடம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். "நாயையும் கூட்டி வரலாம், பிரச்சினை இல்லை" என்று வாட்ஸாப்பில் அவரே எழுதினார். இப்போது கப்பலில் நாயை ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்ப வராது, ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்கிறார். பிரவுனியை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசில்லை. என்ன செய்யலாம்? - வாசகி, செம்பூர்

பதில்: முதலில் அந்த வாட்ஸாப் உரையாடலைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்களுக்கே ஒரு மெயிலும் அனுப்பி வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் பலமான சாட்சி அதுதான்.

லட்சத்தீவில் நாய்களே கிடையாது. வெளியிலிருந்து கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அந்தப் பயணத்தை விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொல்லவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். வாட்ஸாப்பில் ஒன்றைச் சொல்லி விற்றுவிட்டு, அப்புறம் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினால் விஷயம் முடிந்துவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனையை எதிர்த்து வாதாடவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

நாய்க்கு இடம் உண்டு என்று சொன்னதை நம்பித்தான் பணம் கட்டினோம், 15 நாளுக்குள் முழுத்தொகையும் வேண்டும் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கோபமெல்லாம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் நடக்கவில்லையா, மும்பை புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஏஜென்டின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பணம் ஒருபக்கம் இருக்கட்டும், பிரவுனியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பெரிய பயணக் கப்பல்களில் நாய்க்கு இடம் கிடைப்பது மிக அபூர்வம். பெயர்பெற்ற குவீன் மேரி 2 கப்பலில் நாய், பூனைகளுக்கென்று கூண்டறைகள் உண்டு. அதுவும் சவுதாம்ப்டன்-நியூயார்க் மாதிரி அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பாதையில்தான். அங்கேயும் வளர்ப்பவர்களின் அறையில் தங்கவிட மாட்டார்கள், குறித்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஏழு இரவு! நம் வீட்டில் கட்டிலடியில் படுத்துப் பழகிய பிராணிக்கு அது சுகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் முதலில் மும்பை பாவ்ச்சா தக்கா படகுத்துறையிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வாவுக்குப் போகும் ரோ-ரோ கப்பலில் (வண்டிகளையும் ஏற்றிச் செல்வது) பிரவுனியைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். செல்லப்பிராணிக்குத் தனி டிக்கெட் எடுத்தால் ஏற்றிக்கொள்கிறார்கள், ஒரு மணி நேரப் பயணம். எங்கள் நாய் முதல் தடவை இன்ஜின் அதிர்வில் நடுங்கிப்போய் என் காலைவிட்டு நகரவே இல்லை. மூன்றாவது தடவைதான் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தது. ஒரு மணி நேரத்திலேயே வாயில் எச்சில் வழிந்து வாந்தி எடுக்கிற நாயை நான்கு நாள் கடலில் வைத்திருப்பது பாவம். நமக்கு வாங்கிய வாந்தி மாத்திரையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் சொன்னால் நாய்க்கென்று இருக்கும் மருந்தை எடைக்கு ஏற்றபடி எழுதித் தருவார். கடல்நீரை நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், உப்பு உடம்பைக் கெடுத்துவிடும்.

அது பழகிவிட்டால், ஆலப்புழை ஹவுஸ்போட் ஒன்றை முழுசாக வாடகைக்கு எடுங்கள். காயல் தண்ணீர் அலையில்லாமல் இருக்கும். ஆனால் நாயின் எடை, எந்த அறையில் தங்கும், சுத்தம் செய்ய எவ்வளவு கூடுதல் பணம், கேன்சல் செய்தால் என்ன திரும்ப வரும், எல்லாவற்றையும் படகுக்காரரிடமிருந்தே எழுத்தில் வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் அனுப்ப வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அட்டையும் மாநகராட்சி நாய் லைசென்ஸும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: 12 கிலோ நாட்டு நாய்க்கு ஆன்லைனில் லைஃப் ஜாக்கெட் வாங்க நினைக்கிறேன். எடையை மட்டும் பார்த்து வாங்கலாமா? - வாசகர், முலுண்ட்

பதில்: கூடாது. நாட்டு நாய்க்கு நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒல்லியாகவும் இருக்கும், எடைக் கணக்கில் வாங்கினால் பின்னால் தொளதொளவென்று கிடக்கும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். முதுகில் கைப்பிடி கட்டாயம் வேண்டும், தண்ணீரில் விழுந்தால் அதைப் பிடித்துத்தான் தூக்க முடியும். பார்சல் வந்த அன்றே வீட்டில் போட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தையல் இழுபட்டாலோ நாய் நழுவினாலோ திருப்பி அனுப்பிவிடலாம். அதுவரை டேக்கை வெட்டாதீர்கள்.