மதிப்பீடு மாதாமாதம் ஏறுகிறது. கூட்டத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மண்டபம் கட்டும் குழுவின் செயலாளர் நான். செலவுக் கணக்கை மதிப்பீட்டு மென்பொருளில் வைத்திருக்கிறோம். திறந்தால் இன்றைய மொத்தம் மட்டுமே தெரிகிறது. ஜனவரியில் எவ்வளவு சொன்னீர்கள் என்று பெற்றோர் கேட்டால் பதில் இல்லை. மென்பொருளை ஏற்பாடு செய்தவர், மொத்தம் ஏறியதைக் காட்டும் வரைபடம் வேண்டுமானால் மென்பொருளில் தனியாக ஒரு பகுதி வாங்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. உங்கள் வரைபடத்துக்குப் பழைய எண்கள்தாம் வேண்டும். அவை அழிந்துபோயிருந்தால், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பகுதியாலும் அவற்றை மீட்டுத் தர முடியாது.

சிமெண்டின் விலையை மாற்றிச் சேமித்ததும் பழைய மொத்தம் போய்ப் புதியது வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே மாதக் கடைசியில், எந்த விலையையும் தொடுவதற்கு முன், கோப்பைத் தேதியிட்ட பெயரில் நகலெடுத்து வையுங்கள். போன மாதங்களின் மொத்தங்களைக் கூட்டக் குறிப்புகளிலும் அச்சிட்ட தாள்களிலும் தேடிப் பிடிக்கலாம்.

பிறகு எக்செலில் நான்கு நிரல்கள் போதும்: தேதி, குழு அங்கீகரித்த தொகை, அதுவரை கொடுத்த பணம், வேலை முடியும்போது ஆகும் என்று அன்று கணித்த மொத்தம். மாதத்துக்கு ஒரு வரிசை. அதைக் கோட்டு வரைபடமாக்குங்கள். தேதியை 31.1.2025 என்று புள்ளி வைத்து எழுதினால் எக்செல் பெரும்பாலும் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கட்டத்தில் தேதி இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் அடையாளம். அப்போது ஒரு மாத இடைவெளியும் நான்கு மாத இடைவெளியும் ஒரே அகலத்தில் விழும். மெல்ல ஏறிய செலவு திடீரென எகிறியதுபோல் தெரியும். சாய்கோடு போட்டு எழுதினால் பெரும்பாலும் தேதி வலப்பக்கம் போய் நிற்கும், இடைவெளியும் சரியாகும்.

கோடு ஏறிய இடத்தில் காரணத்தைக் குறித்துவையுங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்குப் போனது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 ரிங்கிட் ஆனது. மானியத்துக்கு மனுப் போட்ட நாளின் விலை ஒன்று, பணம் கைக்கு வரும் நாளின் விலை வேறொன்று. இடைப்பட்ட காலத்துக்கு எந்த அலுவலகமும் பொறுப்பேற்பதில்லை. கடைசியில் கேள்வி உங்களைப் போன்ற தொண்டூழியர்களிடம்தான் வருகிறது. அதனால்தான் தேதியும் காரணமும் வேண்டும் என்கிறேன்.

ஒன்றை மட்டும் இந்தக் கோட்டில் கலக்காதீர்கள். ‘வி.ஓ.’ (variation order, அதாவது ஒப்பந்த வேலையில் மாற்றம்) என்று குத்தகையாளர் கொண்டுவரும் கூடுதல் வேலை. மண்டபத்தோடு ஒரு கழிப்பறையும் கட்டுங்கள் என்று குழுவே கேட்டு, அதற்கு 25,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விலையேற்றம் ஆகாது. அங்கீகரித்த தொகையும் அதே நாளில் 25,000 உயர வேண்டும். குழு கேட்காமல், கட்டட வரைபடத்தில் விடுபட்ட தூணுக்காக வரும் வி.ஓ. வேறு வகை. அதற்கு அங்கீகாரத் தொகையை உயர்த்தாதீர்கள், கணித்த மொத்தத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியட்டும். தூண் விடுபட்டது யார் பிழை என்று முடிவாகும்வரை ‘தகராறில் உள்ளது’ என்று தனி நிரலில் வையுங்கள். வாய்மொழியாகச் சொல்லி, வேலை முடிந்தபின் தாள் நீட்டினால் அதுவும் அந்த நிரலுக்கே போகும். எழுத்தில் கையெழுத்தாகாத வி.ஓ. எதையும் முதல் வகையில் சேர்க்காதீர்கள்.

இப்போது அந்த ஏற்பாட்டாளர். தோட்டப்புறப் பள்ளிகளையும் கோயில்களையும் சுற்றி வரும் தரகர்கள் சிலர் மென்பொருள் கணக்கைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டு, குழுவிடம் பிடிஎஃப் தாளை மட்டும் தருகிறார்கள். அளவு எவ்வளவு, விலை எவ்வளவு என்று அதில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அடுத்த ஆண்டு சந்தா கட்டவில்லையென்றால் திறக்கவும் முடியாது. ‘உங்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று பேசியே காலத்தை ஓட்டுகிறார்கள். ரப்பர் நிறுவைக் கணக்கைத் தாத்தா பாட்டி காலத்திலிருந்து சரிபார்த்துவந்த சமூகத்துக்குக் கூட்டல் புரியாதாம்!

அவரிடம் இரண்டு கேளுங்கள். கணக்கைப் பள்ளி மேலாளர் வாரியத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றித் தர வேண்டும். அளவும் விலையும் தனித்தனியாக இருக்கும் எக்செல் கோப்பு வேண்டும். இரண்டும் கைக்கு வந்த பிறகு அவருடைய அடுத்த தவணைக்குக் காசோலை எழுதுங்கள்.