கொழும்பில் அடிமை வரலாறு படிப்பது: சில கேள்விகள், என் பதில்கள்

ஒல்லாந்தர் காலக் கொழும்பின் அடிமைமுறைதான் என் ஆய்வு. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன், வகுப்புக்கு வெளியே பாடசாலைகளோடும் அருங்காட்சியகங்களோடும் வேலை செய்கிறேன். இந்தத் துறையில் தமிழ் தெரிந்த ஆட்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன்.

மிஸ், நான் உயர்தரம், கலைப்பிரிவு. வரலாறு என்றால் உயிர். வீட்டில் "படித்து என்ன, டீச்சராகத்தானே போவாய்" என்கிறார்கள். பொது வரலாறு என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன? (மாணவி, வெள்ளவத்தை)

வரலாற்றாய்வை மக்களுக்கு நடுவில், மக்களோடு சேர்ந்து செய்வதுதான் பொது வரலாறு, தங்கச்சி. அருங்காட்சியகத்தில் ஒரு காட்சி அமைப்பது, ஊரைச் சுற்றி நடந்து கதை சொல்வது, வயதானவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது, பாடநூல் எழுதுவது, எந்தத் தெருவுக்கு என்ன பெயர் என்ற விவாதத்தில் ஆதாரத்தோடு பேசுவது எல்லாம் இதில் சேரும். 1976இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ரொபர்ட் கெலி என்ற பேராசிரியர் இதை ஒரு பட்டப்படிப்பாகவே தொடங்கினார். அப்போது அங்கே வரலாற்றில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்களுக்கே விரிவுரையாளர் வேலை இல்லை. அந்த நெருக்கடியில் பிறந்த துறை இது.

இங்கே சுவடிகள் திணைக்களம், அருங்காட்சியகங்கள், தொல்பொருள் திணைக்களம், மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம், பத்திரிகை என்று பல இடங்களில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. டீச்சராகப் போனாலும் அது சின்ன வேலை இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது வீடுகளுக்கு வரலாறு போகிறது.

பிள்ளை, அடிமை என்றால் அமெரிக்கா, பருத்தித் தோட்டம் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டது. கொழும்பில் என்ன அடிமை வரலாறு? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கொட்டாஞ்சேனை)

ஐயா, ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், ஆங்கிலேயரிடம் விட்டது 1796இல். அந்த 140 வருடமும் இந்த நகரம் அடிமைகளின் உழைப்பில்தான் நடந்தது. 1694இல் எடுத்த கணக்கின்படி கோட்டைக்குள்ளும் நகரத்துக்குள்ளும் குடியிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். சமைத்தவர்களும் துவைத்தவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் பல்லக்குத் தூக்கியவர்களும் அவர்கள்தான். வீட்டு அடிமைகள் போக, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக்கென்றே தனியாக அடிமைகள் இருந்தார்கள். கப்பலில் இருந்து சாமான் இறக்குவதும் கோட்டை வேலையும் அவர்கள் தலையில்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் நம்மை நேரே தொடும் விஷயம். 1658இல் நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அடுத்த வருடமே தஞ்சாவூர்ப் பக்கம் படையெடுப்பும் பஞ்சமும். சோற்றுக்கு வழியில்லாமல் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றார்கள். 1659 முதல் 1661 வரைக்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் இலங்கைக்கு. திரும்பவும் 1694–96 போர்க்காலத்தில் தனியார் வியாபாரிகள் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 பேரை இங்கே கொண்டுவந்தார்கள். மலையாளக் கரை, வங்காளம், மக்காசர், பாலி, கிழக்கு ஆபிரிக்கா என்று வேறு இடங்களில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் கொழும்பு அடிமைகளில் தமிழ் பேசியவர்கள் ஏராளம். சிலர் இங்கிருந்து பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் அனுப்பப்பட்டார்கள். கேப் டவுன் ஆவணங்களில் "வான் கொரமண்டல்", "வான் சிலோன்" என்று முடியும் பெயர்கள் கிடக்கின்றன. "வான்" என்றால் "இந்த ஊரிலிருந்து" என்று பொருள், கொரமண்டல் என்பது சோழமண்டலம்.

இறந்துபோன ஒரு ஒல்லாந்தரின் சொத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கட்டில், பித்தளைப் பாத்திரம், கண்ணாடி என்று வரிசையாக வரும். அதே கையெழுத்தில், அதே மையில், தொடர்ந்து ஆட்கள் வருவார்கள்: ஒரு பெயர், "வான்" போட்டு ஓர் ஊர், சில இடங்களில் வயது, எதிரே விலை. பெயரும் எசமான் வைத்ததுதான். மாதத்தின் பெயரை வைத்து பெப்ரவரி, செப்டெம்பர் என்பார்கள். கியூபிடோ என்று உரோமக் கடவுளின் பெயரும் வைப்பார்கள். தஞ்சாவூர்க் கிராமத்தில் தாய் கூப்பிட்ட பெயர் அந்தத் தாளில் இருக்காது. அதைத் தேடிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தும் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

வெள்ளைக்காரன் செய்ததை எழுதுங்கள், சரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களே அடிமை வைத்திருந்தார்கள் என்று எழுதுவது சாதியைக் கிளறுகிற வேலை இல்லையா? (தெஹிவளை வாசகர்)

இல்லை. சாதியை யாரும் கிளற வேண்டியதில்லை, அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1707இல் யாழ்ப்பாணத் திசாவை (ஒல்லாந்தரின் நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஈசாக்ஸ் அதைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் படித்துப் பார்த்து, சரி என்று ஒப்புதல் தந்தார்கள். காணி, சீதனம், முதுசொம் பற்றிய பகுதிகளை இன்றைக்கும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தொகுப்பில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பிரித்து, யார் யாருக்கு என்ன கடமை என்று எழுதியிருக்கிறது. ஒரு எசமானின் அடிமை ஆணும் இன்னொரு எசமானின் அடிமைப் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் பிறக்கும் பிள்ளை தாயின் எசமானுக்கே போகும்.

இந்த விதி தெரிந்தால் பிறகு வந்த சட்டங்களும் விளங்கும். 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் பேசி, ஆகஸ்ட் 12க்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடைமையாளர்களைச் சம்மதிக்க வைத்தார். அந்த உடைமையாளர்களில் பறங்கியர் மட்டும் இல்லை, உள்ளூர்ச் சாதித் தலைமக்களும் இருந்தார்கள். 1821இல் அரசாங்கம் கோவிய, நளவ, பள்ளப் பெண் குழந்தைகளுக்குப் பணம் கொடுத்து விடுதலை வாங்கியது. ஏன் பெண் குழந்தை? அடிமைத்தனம் தாய்வழியே இறங்கியது. அங்கே வெட்டினால் அடுத்த தலைமுறைக்குப் போகாது. பேரரசு முழுவதற்கும் என்று 1833இல் வந்த ஒழிப்புச் சட்டத்தில் இலங்கை விலக்கப்பட்டது. இங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

சட்டத்தில்தான் ஒழிந்தது. சாதி பார்த்து ஆட்களை விலக்கி வைப்பதைத் தடுக்க 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. அப்படிப் போராடிய பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை இந்த வரலாற்றைப் படிக்க வந்தால் "கிளறாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தஞ்சாவூரில் இருந்து விற்கப்பட்டவனும் தமிழன், யாழ்ப்பாணத்தில் ஆள் வைத்திருந்தவனும் தமிழன். ஒன்றை எழுதி மற்றதை மறைத்தால் அது ஆய்வு இல்லை.

அக்கா, நான் வரலாறு விசேட பட்டம், மூன்றாம் வருடம். இந்தத் துறையில் முதுமாணி செய்ய என்ன மொழி வேண்டும், எங்கே போகலாம்?

ஒல்லாந்து மொழி வேண்டும். இன்றைய மொழியைப் பழகிவிட்டு, அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். முதல் சில மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் போகும், மனம் தளராதே. லெய்டன் பல்கலைக்கழகம் டானாப், என்கொம்பாஸ், கொஸ்மோபோலிஸ் என்று அடுத்தடுத்து திட்டங்கள் நடத்தி ஆசிய மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இலங்கை அடிமை வரலாற்றில் முக்கியமானவர்களான நீரா விக்கிரமசிங்கவும் அலிசியா ஸ்கிரிக்கரும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தில் அடிமைமுறைக்கும் சார்புநிலைக்குமான ஆய்வு மையம் 2019இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஹல்லில் வில்பர்போர்ஸ் நிறுவகம் இருக்கிறது.

ஆனால் தம்பி, உன் கையில் ஏற்கெனவே இருக்கும் மொழியை மறந்துவிடாதே. தமிழ் தெரிந்தவருக்கு ஆவணத்தில் திரித்து எழுதிய ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் உறவுமுறையும் உடனே பிடிபடும். வெளிநாட்டு ஆய்வாளர் ஒரு வாரம் தடுமாறும் இடத்தை நீ ஒரு பார்வையில் தாண்டுவாய். சிங்களமும் படி. சோற்றுக்கும் அது வேண்டும், ஆய்வுக்கும் வேண்டும்.

சம்பளம்? நிரந்தர வேலை?

கஷ்டம்தான். நல்ல வகுப்புச் சித்தி இல்லாமல் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. வெற்றிடம் எப்போதாவதுதான் வரும். நடுவில் சில வருடம் தற்காலிக விரிவுரையாளராக, ஒப்பந்தம் ஒப்பந்தமாக ஓட்ட வேண்டி வரலாம். வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள் முதலில் ஒரு அரச வேலையில் அமர்ந்துவிட்டு, பகுதிநேரமாக முதுமாணி செய்வதே நல்லது. அப்படி வந்தவர்கள் பலர் அருமையாக எழுதுகிறார்கள்.

கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் இருந்த "ஸ்லேவ் ஐலண்ட்" என்ற பெயரை எடுத்துவிட்டார்களே. நல்லதா, கெட்டதா? (கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவர்)

உங்கள் ஊர், உங்கள் விருப்பத்துக்குத்தான் முதல் இடம். "அடிமைத் தீவு" என்று முகவரி எழுதக் கூசிய மலாய்க் குடும்பங்களையும் தமிழ்க் குடும்பங்களையும் எனக்குத் தெரியும். 2022இல் ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே எழுதுவதென்று முடிவானபோது அவர்கள் சந்தோஷப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

என் கவலை வேறு. கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது, சுற்றிலும் பேரை வாவி. வாவியில் முதலை விட்டிருந்தார்கள் என்ற கதையைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. பெயரை எடுத்தால் அந்தக் கதையை வேறெங்காவது வைக்க வேண்டும். கேப் டவுனில் 1679இல் கட்டிய கம்பனி அடிமைகளின் விடுதி பிறகு அரச அலுவலகமாக, நீதிமன்றமாக மாறி, பழைய அடையாளமே இல்லாமல் கிடந்தது. 1998இல் அதற்கு அடிமை விடுதி என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். கொம்பனித்தெரு ரயில் நிலையத்துக்கு வெளியே மூன்று மொழியில் ஒரு பலகை போதும், தொடங்குவதற்கு. அதில் தஞ்சாவூர் என்ற பெயர் இருக்க வேண்டும், மக்காசர் என்ற பெயர் இருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று முடிவு செய்யும்போது நீங்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். பொது வரலாறு என்று முதல் பதிலில் சொன்னது இதைத்தான்.

நான் ஹட்டன், இப்போது கொழும்பில் வேலை. எங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பட்டதை அடிமைமுறை என்று சொல்லலாமா?

உணர்ந்து சொல்பவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆய்வில் எழுதும்போது பிரித்துத்தான் எழுதுவேன். அடிமை சட்டப்படி சொத்து. விற்கலாம், வாரிசுக்கு எழுதி வைக்கலாம். தோட்டத் தொழிலாளியைக் கட்டிப்போட்டது கடன். கங்காணி கொடுத்த முற்பணம் கழுத்தில் கிடந்தது. துண்டு (கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு) இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டோடு கடனும் கூடவே போகும். அந்த முறை 1921 வரை நீடித்தது. அடிமைமுறை ஒழிந்த அதே 1840களிலும் கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொது வரலாறு எப்படிச் செய்வது என்று நாங்கள் மலையகத்திடம்தான் கற்க வேண்டும். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தீர்களே, மலையக மக்கள் இங்கே வந்த 200 வருடத்தைக் காலால் எழுதிய நடை அது. கம்பளைப் பக்கம் உள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு என் மாணவர்களை அனுப்புகிறேன். லயத்துக்குள் நின்று பார்த்துவிட்டு வந்தவன் எழுதுகிற கட்டுரை வேறு மாதிரி இருக்கும்.

ஒல்லாந்து மொழி படிக்கும் வரை சும்மா இருக்க வேண்டுமா? இன்றைக்கே தொடங்க வழி உண்டா? (மட்டக்குளி)

உண்டு. தேசவழமையின் அடிமைப் பகுதி ஆங்கிலத்தில் கிடைக்கும், ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். ஆங்கிலேயர் காலத்து இலங்கை அடிமைப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் T 71 என்ற தொடரில் இருக்கின்றன, ஆங்கிலம் போதும்.

கணினி இருந்தால் குளோபலைஸ் என்ற நெதர்லாந்துத் திட்டத்தைப் பாருங்கள். கம்பனி ஆவணங்கள் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பக்கத்தை இயந்திரம் படித்து எழுத்தாக்கி, தேடும்படி வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரை ஒல்லாந்தர் எழுதிய மாதிரியே கொடுத்தால்தான் அகப்படும்: யாழ்ப்பாணம் "யாஃபனபட்னம்" என்று இருக்கும், தூத்துக்குடி "டூட்டுகொரெய்ன்" என்று இருக்கும், ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு மாதிரி. அகப்படுகிற எழுத்துக்கூட்டலை எல்லாம் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே போங்கள்.

பிறகு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு நாள் வாருங்கள். ஒல்லாந்தர் ஆவணங்கள் அங்கே முதலாம் தொகுதியில் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த தொகுப்பின் ஒரு பங்கு அது. அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு வாருங்கள். மை அரித்து எழுத்து உதிர்ந்த தாள்கள் உண்டு, பக்கத்தை மெதுவாகப் புரட்ட வேண்டும். தோம்பு கேளுங்கள். வீடு வீடாகக் குடும்பமும் காணியும் எழுதிய பதிவேடு அது. மொழி முழுதாக விளங்காவிட்டாலும் பெயர்களை வாசிக்க முடியும்.